வயலின் இருந்த இடம்

மெயின்கார்டு கேட் பக்கத்தில் உள்ள கேசட் கடையில், பழைய பாடகி பேட்ரிசியா தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். இருபது வயதில் அவள் பாடிய பாட்டுக்கு, இளவட்டங்களுக்காக டிரம்ஸ் சேர்த்திருக்கிறார்கள். ஜன்னல் கம்பிகளின் நிழல் அவள் மடியில் கிடக்கிறது. பல்லவி முடிந்ததும் கண்களை மூடிக்கொள்கிறாள். இனி வரவேண்டியது மறைந்த கணவர் இருதயநாதனின் வயலின். அவர் வாசித்துப் பதிவானது இந்தப் பாட்டில் மட்டும்தான். டிரம்ஸ் அதிர்கிறது, மேஜைமேல் டீ கிளாஸ் நடுங்குகிறது. "வயலின் எங்க தம்பி?" என்கிறாள். "காலேஜ் பசங்க அது முடியுற வரைக்கும் பொறுக்க மாட்டாங்கம்மா, எடுத்துட்டோம்," என்கிறார் கடைக்காரர் தைரியராஜ். "உங்க குரல் அப்படியே இருக்கு, கேளுங்க." கேட்கிறாள். அந்த இளங்குரல், யாருக்காகவும் நிற்காமல், சரணத்துக்குப் போய்விடுகிறது.