ஐந்தாவது உடல்

வாசலில் டிராக்டர் நின்றது. விறகு ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஒவ்வொரு கட்டை விழும்போதும் அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கணவரின் முகத்தைப் பார்த்தாள்.

காலை ஒன்பது மணிக்கு அவர் மூச்சு அடங்கியிருந்தது. இரண்டு மாதப் படுக்கை. எல்லோரும் எதிர்பார்த்ததுதான்.

அவள் அந்த ஊராட்சியின் தலைவர். கையெழுத்துப் போட்டவள் அவள். அலைந்தவர் அவர்.

எரிவாயு தகன மேடைக்கு அரசு மானியம் கேட்டு இரண்டு வருடம் மொபெட்டில் கலெக்டர் ஆபீசுக்குப் போய்வந்தார். மூன்றில் ஒரு பங்கு விறகு போதும், அதையும் வாயுவாக்கி எரிக்கும், அடைமழையிலும் வேலை நிற்காது என்று டீக்கடையில் உட்கார்ந்து ஊருக்கே விளக்கினார்.

மானியத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது.

ஊர் மொத்தத்துக்கும் ஒரே மேடை.

கட்டி முடித்துப் பதினோரு மாதம். நான்கு உடல்கள் எரிந்திருந்தன. நான்கும் காலனியிலிருந்து வந்தவை.

அவள் வீடிருந்த மேலத்தெருவிலும் அதற்குள் ஆறு சாவு. ஆறும் ஆற்றோரத்துப் பழைய சுடுகாட்டுக்கே போயின, டிராக்டர் நிறைய விறகோடு.

மேடையை இயக்கப் பயிற்சி எடுத்தவள் வேலாத்தாள். காலனிக்காரி. திறப்பு விழா அன்று, கூட்டம் கலைந்த பிறகு, இவளிடம் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"உங்கூட்டுச் சாவும் இங்கதானுங்களா வரும்?"

வரும் என்று இவள் சொல்லியிருந்தாள். யாருடைய சாவு என்று அப்போது யோசிக்கவில்லை.

இப்போது வேலாத்தாள் கேட்டுக்கு வெளியே, வேம்படியில், காலனி ஆட்கள் நாலைந்து பேரோடு நின்றிருந்தாள். எதையும் கேட்கவில்லை. உள்ளே பார்க்கவும் இல்லை.

நாச்சிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். கணவரின் அண்ணன். தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவர். மேடைக்கு அடிக்கல் நட்ட நாளிலிருந்து தம்பியோடு பேச்சில்லை. நோயில் கிடந்தபோதும் வந்து பார்க்கவில்லை. இன்று எல்லோருக்கும் முன்னால் ஓடிவந்தவர் அவர்தான்.

விறகுக்குச் சொன்னதும் அவர்தான்.

உடலருகே குனிந்தார். குரல் உடைந்திருந்தது.

"அம்மிணி, அவன் ஏதாச்சும் சொன்னானா? எங்க கொண்டு போகோணும்னு?"

ஒப்பாரி நின்றது.

சொல்லியிருந்தார்.

போன மாதம், கஞ்சி ஊட்டும்போது. "உன்ற மெஷின்ல மட்டும் என்னைய வெச்சறாதே. கதவச் சாத்தீருவாங்க. மூச்சு முட்டும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு சீக்கிரமே நின்றது. அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடி மட்டும் தளரவில்லை.

சரி என்று தலையாட்டியிருந்தாள்.

வெளியே இன்னொரு கட்டை விழுந்தது.

"சொன்னாருங்க மாமா" என்றாள். "மேடைக்குத்தான் கொண்டு போகோணும்னு சொன்னாருங்க."

தன் குரல் இவ்வளவு தெளிவாக வரும் என்று அவள் நினைக்கவில்லை.

நாச்சிமுத்து தம்பியின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். எழுந்து வாசலுக்குப் போனார்.

"எறக்குங்கடா."

யாரோ முணுமுணுத்தார்கள். யாரோ சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மற்றவர்கள் விறகை இறக்கினார்கள்.

பெண்கள் தெருமுனை வரைக்கும்தான். பாடை, மேடை இருக்கும் வலப்பக்கம் திரும்புவதை அங்கே நின்று பார்த்தாள். வேலாத்தாள் எல்லோருக்கும் முன்னால் வேகமாக நடந்து போய்க்கொண்டிருந்தாள், மேடையைத் தயார்செய்ய.

வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். யார் யாரோ தொட்டு அழுதார்கள்.

இந்நேரம் சாத்தியிருப்பார்கள் என்று தோன்றியது.

எழுந்துபோய்க் கொல்லைக்கதவைத் திறந்தாள். ஜன்னல்களைத் திறந்தாள். ஒவ்வொன்றாக, எல்லாவற்றையும்.

பொழுது சாயும்முன் நாச்சிமுத்து ஈர வேட்டியோடு வந்தார். கொள்ளி வைத்தவர் அவர். பிள்ளையில்லாத வீடு.

"ஒரு மணி நேரந்தான் அம்மிணி. புகையே தெரியல. வேலாத்தா கையெடுத்துக் கும்புட்டுட்டுத்தான் உள்ள தள்ளுனா." வேட்டி நுனியைப் பிழிந்தார். "நம்ம தெரு ரெங்கசாமியும் பாத்துட்டு நின்னான். அவங்கப்பனுக்கு முடியாமக் கெடக்குதல்லோ. நம்மளும் இங்கயே கொண்டாந்தரலாம்ங்கறான்."



அவர் போகவில்லை. இன்று காலை வரை இரண்டு வருடமாக மிதிக்காத வீட்டில், வெறுந்தரையில் உட்கார்ந்தார். துண்டை மடியில் போட்டு, அதன் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னையப் பத்தி ஏதாச்சும் சொன்னானா?"

அந்த இரண்டு மாதத்தில் கணவர் அண்ணன் பெயரை ஒருமுறைகூட எடுக்கவில்லை.

அவள் சொம்பில் தண்ணீர் மொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

எதிரே உட்கார்ந்தாள்.

சொல்லத் தொடங்கினாள்.