கைராசி டாக்டர்

"கடற்கரை விடுதியில மூணு நாள் மாநாடு சார், பதினஞ்சு பாயிண்ட். பெரிய ஆஸ்பத்திரியில ஒருநாள் பயிற்சின்னா ஆறு. ரெண்டுக்கும் தேதி தாண்டிப் போச்சு. இப்ப இருக்கிறது கம்ப்யூட்டர்ல கேக்கற இந்தப் பாடம் ஒண்ணுதான். பரீட்சை எழுதினா ரெண்டு பாயிண்ட்," என்றாள் நர்ஸ்.

குழந்தை டாக்டர் முகத்தைச் சுளித்தார். முப்பத்தோரு வருஷமாகக் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கிறவர். அவருக்கே பாடமாம், பரீட்சையாம்! ஆனால் டாக்டர் பதிவைப் புதுப்பிக்க இன்னும் ரெண்டு பாயிண்ட் குறைந்தது; இன்று மாலை ஐந்து மணிக்குள் அது சேராவிட்டால் பதிவு ரத்து. நாளைக்கு வாசல் பலகையைக் கழற்ற வேண்டியதுதான். மணி நாலே கால்.

"போன தடவை மாநாட்டுக்குப் போனேனே, என்ன கத்துக் குடுத்துக் கிழிச்சாங்க? காலையில கையெழுத்து, மத்தியானம் நல்ல சாப்பாடு, சாயந்திரம் குரூப் போட்டோ. நடுவுல எவனோ முளைச்சு மூணு இலை விடாத பையன் படம் காட்டி எனக்குக் காய்ச்சல்னா என்னன்னு விளக்கறான்!"

"நீங்கதான் நீச்சல் குளத்துல இருந்தீங்களே சார்."

"அது வேற விஷயம். நீ ஆரம்பி."

ஆறு வருஷமாக இதுதான் ஏற்பாடு. டாக்டர் பெயரில் பாடத்தைக் கேட்பது நர்ஸ். குறிப்பெடுப்பதும் அவள்தான். சான்றிதழை மட்டும் டாக்டர் சட்டம் போட்டு மாட்டிக்கொள்வார். சுவரில் ஏழு தொங்கின.

நர்ஸ் திரையைப் பார்த்துப் படித்தாள். "பத்து மாசக் குழந்தை. சாதாரண சளி. மூச்சுத் திணறல் இல்லை, நல்லாப் பால் குடிக்குது. இருமல் மருந்து தரலாமா, கூடாதா?"

டாக்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இதெல்லாம் ஒரு கேள்வியா? இருமினா இருமல் மருந்து. தரலாம்னு போடு! இந்தக் கேள்வியை எழுதினவனை ஒருநாள் என் நாற்காலியில உக்கார வைக்கணும், அப்பத் தெரியும்."

நர்ஸ் எதையோ தட்டினாள்.

கதவு திறந்தது. டாக்டரின் மகள், இடுப்பில் குழந்தையோடு. "அப்பா, ரெண்டு நாளா இருமிக்கிட்டே இருக்கான்."

"அடடே, என் பேரனா! வாடா ராஜா!" நெஞ்சில் குழாயை வைத்த மாதிரியும் இருந்தது, வைக்காத மாதிரியும் இருந்தது. சீட்டில் மூன்று வரி எழுதிவிட்டார். "சாதாரண சளிதான். இருமல் மருந்து எழுதியிருக்கேன். ஒரு ஆன்டிபயாடிக், ஒரு டானிக். தாத்தா கை பட்டா ரெண்டே நாள்ல ஓடிடும். கார் வாசல்ல நிக்குது, நேரா மருந்துக் கடைக்குப் போ."

மகள் நர்ஸை ஒரு தரம் பார்த்தாள். நர்ஸ் குனிந்து கம்ப்யூட்டரைப் பார்த்தாள். மகள் வெளியே போனாள்.

"பாரு, நம்ம ஊருல எத்தனை பேர் புதுசு புதுசாப் பட்டம் வாங்கிட்டு வந்து கடை திறந்தாங்க! கூட்டம் எங்க வருது? இங்கதான். ஏன்?"

"கைராசி சார்." ஆயிரம் தடவை சொல்லிப் பழகிய குரல்.

"அதேதான். அதை எந்தப் பாடத்துல சொல்லித் தரான்? ஆமா, பாத்து முடிச்சவங்க பத்துப் பேர் வெளியே இன்னும் உக்காந்திருக்காங்களே, எதுக்கு? சீட்டு வாங்கினா கிளம்ப வேண்டியதுதானே?"

"மருந்தை எப்படிக் குடுக்கறதுன்னு என்கிட்ட ஒருதரம் கேட்டுட்டுப் போவாங்க சார்."

"மண்டுங்க! அதான் சீட்டுலயே எழுதியிருக்கேனே. நீயும் இடம் குடுக்காதே."

மீதிக் கேள்விகளுக்கும் டாக்டர் நாற்காலியில் சாய்ந்தபடி வாயாலேயே பதில் சொன்னார். நர்ஸ் தட்டிக்கொண்டே போனாள். ஐந்து அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது திரையில் பச்சை எழுத்து விழுந்தது.

"இருபதுக்கு இருபது சார். ரெண்டு பாயிண்ட் சேந்தாச்சு."

"பாத்தியா! ஒரு பக்கம் படிச்சிருப்பேனா? அத்தனையும் நான் சொன்ன பதில்! இவனுங்க எனக்குப் பாடம் எடுக்கறானுங்களாம்!"

நர்ஸ் சான்றிதழை அச்செடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, பேனாவை எடுத்துக்கொண்டு வெளியே தன் இடத்துக்குப் போனாள். டாக்டர் எட்டாவது சட்டத்துக்குச் சுவரில் இடம் பார்த்தார். பிறகு வெள்ளைக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, சீட்டியடித்துக்கொண்டே கூடத்துக்கு வந்தார்.

நர்ஸின் மேஜை முன்னால் நீளமாக ஒரு வரிசை. ஆளுக்கொரு சீட்டு. அவள் ஒவ்வொன்றையும் வாங்கி, குழந்தையைத் தொட்டுப் பார்த்து, இரண்டு கேள்வி கேட்டு, சிவப்புப் பேனாவால் கோடு கிழித்து, கீழே ஏதோ எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இப்போது அவள் கையில் இருந்த சீட்டில் முதல் வரி அடிபட்டது. இரண்டாவதும் அடிபட்டது.

டாக்டருக்குக் கோபம் தலைக்கேறியது. என்ன திமிர்! வரிசையைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார்.

மனைவியை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு எப்போதும் வெளியிலேயே நிற்கும் ஒருவர், ஸ்கூட்டர் சாவியோடு கையை நீட்டி மறித்தார். "வரிசையில வாங்க சார். முதல் தடவையா? உள்ள இருக்கிறவர் எதையாவது எழுதுவாரு. சிஸ்டர் பாத்துத் திருத்தின பிறகுதான் மருந்து வாங்கணும். இங்க கைராசின்னா அதுதான்!"

சத்தம் கேட்டு, அவருக்கு முன்னால் குழந்தையோடு நின்றிருந்த பெண் திரும்பினாள். அப்பாவைப் பார்த்ததும் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் வரிசையை விட்டு நகரவில்லை.