வெள்ளிக்கிழமை ஆட்டுக்கறி

கல்லாவின் மேல் ஓலைப்பெட்டியை வைத்துவிட்டு வள்ளிநாயகி கை கூப்பினாள்.

“காக்கா, பதினொரு வருஷம் இவருக்குச் சோறு போட்ட கை உங்கட கை. யாழ்ப்பாணத்திலையிருந்து உங்களுக்கெண்டே கொண்டு வந்தனான்.”

காக்கா என்றால் அண்ணன். காஜா மொய்தீனைச் சூலியா தெருவில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று புருஷன் சொல்லிக் கேட்டிருந்தாள்.

பெட்டிக்குள் பனங்கட்டியும், பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியலும் இருந்தன. கப்பலில் எறும்புக்குக் கொடுக்காமல் அவற்றைப் பினாங்குவரை கொண்டுவந்து சேர்த்த பாடு அவளுக்குத்தான் தெரியும்.

கடைக்காரர் பெட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் குடையோடு நின்ற அவள் புருஷன் அப்புத்துரையைப் பார்த்தார். வாயிலிருந்த வெற்றிலையை மெல்ல மறந்துவிட்டார்.

அப்புத்துரை இங்கே துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். ‘இனி உன்னை விட்டிட்டு இருக்கேலாது’ என்று வேலையை உதறிவிட்டு ஊருக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது மனைவிக்குப் பினாங்கைச் சுற்றிக் காட்ட ஒரு மாதம் கூட்டி வந்திருக்கிறார். கூட்டி வந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவள் நச்சரித்த நச்சரிப்புக்குக் கல்லும் கப்பலேறியிருக்கும்.

மலைக்கு ரயிலில் ஏற்றிக் காட்டினார். தண்ணீர்மலை முருகனைக் காட்டினார். இந்தக் கடையை மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தார்.

அவளோ இந்தக் கடையைப் பார்க்கவே கடல் தாண்டியவள்.

பினாங்குக்குப் போன ஆம்பிளை தனியாகவா கிடப்பான் என்று கிணற்றடியில் பெண்கள் வாய் மென்றபோதெல்லாம் அவள் தூக்கிப் பிடித்தது இந்தக் கடையைத்தான். “மனுசன் கடைச் சோத்திலை கிடந்து காயுது. உங்களுக்கு நாக்கிலை நரம்பில்லையோ?” என்று ஒரு வாங்கு வாங்கிவிடுவாள். அதற்குமேல் ஒருத்தியும் வாய் திறக்கமாட்டாள்.

அவர் கடைசியாக ஊருக்கு வந்து இறங்கியபோது எலும்பும் தோலுமாக இருந்தார். சோறு இறங்கவில்லை. கடைச் சாப்பாடு குடலைக் கெடுத்துவிட்டது என்று வயிறெரிந்து, பக்குவம் பார்த்துப் பார்த்து அவள்தான் ஆளைத் தேற்றினாள்.

ஆனாலும் உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டாமா? அதனால்தான் இந்தப் பெட்டி.

“மொதல்ல உக்காருங்க தங்கச்சி, சாப்பிட்டுப் பேசலாம்” என்றார் காக்கா.

இலை விழுந்தது. சோறு வந்தது. மீன் குழம்பு வாசம் தெருவரை அடித்தது. அன்று வியாழக்கிழமை, மீனும் இறைச்சியும் தொடாத வெள்ளிக்கிழமை அல்ல, அதனால் இருவரும் தாராளமாகச் சாப்பிடலாம். அவள்தான் சாப்பிட்டாள். அப்புத்துரை சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தார்.

“இவரை மறந்து போனியளோ, காக்கா?” என்று அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

அப்புத்துரை தலையைத் தூக்கிக் காக்காவைப் பார்த்தார். அது கெஞ்சுகிற பார்வை. பழைய ஆளை மறந்துவிடாதே என்று கெஞ்சுவதாக அவள் நினைத்தாள்.

காக்கா பிள்ளைகுட்டிக்காரர். யாரென்றே தெரியாத ஓர் ஆளின் குடும்பம் என்றாலும், தன் கடையில் வைத்து அது கலைய அவருக்கு மனம் வரவில்லை.

“ஐயாவ மறக்குறதா? வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு ஆட்டுக்கறிச் சட்டிய எறக்குவோம், ஐயாதான் மொத எலையில உக்காந்திருப்பாங்க. ஒரு வெள்ளி தவறுனதில்ல!”

நல்ல மனிதர் நல்லதுக்குத்தான் சொன்னார். வாரத்தில் அவர் கடைக்கு விசேஷம் அந்த ஒரு நாள்தான்.

வள்ளிநாயகிக்கு வாயில் வைத்த கவளம் வாயிலேயே நின்றது.

வெள்ளிக்கிழமை ஆட்டுக்கறியா? அப்புத்துரையா?

வெள்ளிக்கிழமை என்றால் மீன்சட்டி கவிழ்த்து வைத்த பக்கமே திரும்பாத மனிதர். காய்ச்சலில் பிதற்றிக்கொண்டு கிடந்தபோதுகூட, வெள்ளிக்கிழமை என்று தெரிந்ததும் ஆட்டெலும்பு ரசத்துக்கு வாயை இறுக்கி மூடியவர். இந்த ஒரு விஷயத்தில் அவரைச் சந்தேகிப்பதைவிட நல்லூர்க் கந்தனைச் சந்தேகிக்கலாம்.

அப்படியென்றால் காக்காவுக்கு இவரைத் தெரியாது.

இந்த மனிதர் இந்தக் கடையில் ஒரு வேளைகூடச் சாப்பிட்டதில்லை. காற்றைக் குடித்துக்கொண்டு பதினொரு வருஷம் யாரும் உயிரோடு இருக்கவும் முடியாது. இந்த ஊரில் எங்கேயோ ஓர் அடுப்பு இவருக்காக எரிந்திருக்கிறது.

அழுகை வரவில்லை. முதலில் வெட்கம்தான் வந்தது. கிணற்றடிப் பெண்கள் எல்லோரும் இலையைச் சுற்றி நின்று சிரிப்பதுபோல் உடம்பு கூசியது. அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது.

காக்கா குழம்பு எடுக்க உள்ளே போகும்வரை பொறுத்திருந்தாள். பிறகு எழுந்து, கல்லாவின் மேல் இருந்த பெட்டியை இடது கையால் எடுத்து, புருஷனின் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“சமைச்சுப் போட்டவளின்ரை கையிலைதான் இதைக் குடுக்கோணும். அவளின்ரை வீடு எங்கை? எழும்புங்கோ.”

அப்புத்துரை எழுந்திருக்கவில்லை.

“வீடில்லை” என்றார். “அவள் செத்தாப் பிறகுதான் நான் ஊருக்கு வந்தனான்.”