கல்பள்ளியின் கடைசிப் பாட்டு

டீ கிளாஸை ஓஸ்வால்ட் இரண்டு கைகளாலும் பிடித்தார். அப்படியும் அது நடுங்கி, பாதி டீ அவர் சட்டையிலேயே கொட்டியது. காலையிலேயே ஏற்றிக்கொண்டுவிட்டார் என்று நிருபமா முடிவு கட்டினாள். போயும் போயும் ஒரு குடிகாரரை நம்பியா மகனை ஆஸ்டின் டவுன் வரை இழுத்துக்கொண்டு வந்தோம் என்று நொந்துகொண்டாள்.

மகன் தேஜஸுக்கு அப்படியெல்லாம் தோன்றவில்லை. கட்டுப் போட்ட வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, சன்னதியில் நிற்பவன் போல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஓஸ்வால்ட் காலேஜ் நாளில் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு 'கல்பள்ளி' என்று ஒரு மெட்டல் பேண்ட் நடத்தினார். சுடுகாட்டின் பெயரைத் தேடிப்பிடித்து வைத்துக்கொண்ட புண்ணியவான்கள். டிரம்ஸ் வாசித்துக்கொண்டே கத்துவதும் அவர்தான். ஒரே ஒரு டெமோ கேசட் போட்டார்கள். கரகரவென்று இரைச்சலோடு இருந்த அது கைமாறிக் கைமாறி பிரேசில், நார்வே வரை போய், இன்றைக்கு உலகத்தில் உள்ள இளவட்ட டிரம்மர்கள் எல்லாம் அதன் கடைசிப் பாட்டை வாசித்துக் காட்டத் துடிக்கிறார்கள். அந்த வேகத்தில் இதுவரை ஒருவருக்கும் வரவில்லை.

நான் வாசித்தே தீருவேன் என்று தேஜஸ் ஒரு வருஷமாக அறையைச் சாத்திக்கொண்டு அடித்ததில், மணிக்கட்டில் தசைநார் கிழியும் நிலைக்கு வந்துவிட்டது. இனி குச்சியைத் தொட்டால் பேனா பிடிக்கக்கூடக் கை உதவாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். யார் சொல்லியும் கேட்காதவன் இவர் சொன்னாலாவது கேட்பான் என்றுதான் நிருபமா வந்திருந்தாள்.

"நீங்களே சொல்லுங்க சார். இனிமே அந்தப் பாட்டு பக்கமே போக மாட்டேன்னு இவன் ஒத்துக்கணும்."

"பேட கண்ணா, வேணாம். அத தொடாத," என்றார் ஓஸ்வால்ட். அடிவயிற்றிலிருந்து வந்த கட்டைக்குரல். அந்தப் பாட்டில் கீச்சுக்கீச்சென்று கத்தி வீட்டையே இரண்டாக்கிய குரலா இது? வயசானால் குரல் இப்படியுமா மாறும் என்று நிருபமா ஆச்சரியப்பட்டாள்.

"என் கைய பாரு. எதனால இப்பிடி ஆச்சு தெரியுமா? அந்தப் பாட்டாலதான். டாக்டர் வேணாம்னாரு, ஃபாதர் வேணாம்னாரு. கேட்டனா? இப்போ சட்டை பட்டன் போட்டுவிட தங்கச்சி வரணும்."

நிருபமாவுக்கு வெட்கமாகப் போயிற்று. நல்ல மனிதரைக் குடிகாரர் என்று நினைத்ததற்கு மனதுக்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வந்த காரியம் முடிந்தது என்றுகூட நினைத்தாள்.

ஆனால் தேஜஸின் முகம் பிரகாசமாகிவிட்டது. "அப்போ கையக் குடுத்தாத்தான் அந்த வேகம் வரும். அப்படித்தானே சார்?"

"குடுத்தாலும் வராதுடா. எனக்கே வரல. ரெக்கார்டிங் அன்னிக்கி ஒரு தடவ வாசிச்சேன், அவ்வளவுதான். கேசட் பேர் வாங்கினப்புறம் எந்த மேடைக்குப் போனாலும் அதே வேகத்துல வாசின்னு கேட்டாங்க. இன்னொரு தடவ வந்துடாதான்னு வருஷக்கணக்கா அடிச்சி அடிச்சி..." மீதியைச் சொல்லாமல் கைகளை மடியில் போட்டுக்கொண்டார்.

"ஒரு தடவை வாசிச்சீங்கல்ல? எனக்கும் அந்த ஒரு தடவை போதும் சார். அப்புறம் கை போனாலும் பரவாயில்ல."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்துவிட்டது.

தேஜஸ் நாற்காலி நுனிக்கு வந்தான். "அன்னிக்கி மட்டும் எப்படி சார் வந்துச்சு?"

"அதான் எனக்கும் தெரியல. பின்னாடி தகர ஷெட்டுலதான் வாசிச்சோம். இருந்ததே ரெண்டு பிளக் பாயின்ட்டு, ரெண்டும் கிட்டாருக்குப் போயிடுச்சு. டேப் ரெக்கார்டர பேட்டரியில ஓட்டினோம். கடைசிப் பாட்டுக்கு வர்றப்போ பேட்டரி தீர்ற மாதிரி ஆயிடுச்சு. பாட்டு முடியறதுக்குள்ள நின்னுடப் போவுதேன்னு பயந்துகிட்டே வாசிச்சேன். அந்தப் பயத்துல வந்த வேகமோ என்னமோ."

நிருபமா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "டேப் நின்னுடுச்சா சார்?"

"இல்லம்மா, சக்கரம் தள்ளாடித் தள்ளாடி எப்படியோ முடிச்சிடுச்சு. அப்புறம் வீட்டுக்குள்ள கொண்டாந்து கரண்ட்டுல போட்டுக் கேட்டா, எங்களுக்கே நம்ப முடியல. குரல்கூட பேய் மாதிரி கீச்சுனு இருந்துச்சு. மட்ட மைக்கு பண்ண வேலைன்னு சிரிச்சோம்."

"மைக் இல்ல சார்." நிருபமா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நான் பாட்டு கத்துக்கிட்டப்போ, எங்க டீச்சர் பாடினதை இப்படித்தான் தீரப்போற பேட்டரில பதிஞ்சேன். வீட்டுல வந்து கரண்ட்ல போட்டா, நிதானமா பாடின கீர்த்தனை குடுகுடுன்னு ஓடுது. டீச்சர் குரல் அணில் மாதிரி இருக்கு. டேப் மெதுவா சுத்தறப்போ பதிஞ்சது, சரியா சுத்தறப்போ வேகமாத்தான் கேட்கும்."

தேஜஸ் கட்டுப் போட்ட கையையே பார்த்தான். பிறகு நாற்காலியில் மெல்லச் சாய்ந்து உட்கார்ந்தான். என் பிள்ளை பிழைத்தான் என்று நிருபமாவுக்குக் கண் கலங்கியது.

அதற்குப் பிறகுதான் எதிரில் இருந்தவரின் முகத்தைப் பார்த்தாள். ஏன் வாயைத் திறந்தோம் என்று இருந்தது.

"அப்போ," என்றார் ஓஸ்வால்ட், "அந்த ஒரு தடவையும் நான் வாசிக்கலியாம்மா?"