எதிர்க்கடையில் முடியாத வேலை

முதலில் வம்பு பண்ணியவன் பெனிட்டோதான். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் அவனும் கிருஷ்ணப்பனும் கூட்டாகக் கடை வைத்து, கார்களுக்குப் பாட்டு செட் மாட்டிக்கொண்டிருந்த காலம் அது. நாலு வாடிக்கையாளர் முன்னால், "அண்ணாச்சிக்குக் காது போச்சு" என்று சொல்லிவிட்டான்.

அன்றே கிருஷ்ணப்பன் கூட்டை முறித்தார். பெனிட்டோ எதிர்ச்சாரியில் கண்ணாடி வைத்த கடை போட்டான். அதன் பிறகு பேச்சுவார்த்தை கிடையாது.

ஒரு நாள் அந்தக் கடையிலிருந்து ஒரு குவாலிஸ் கார் கிளம்பி, சாலையைக் கடந்து இவர் கடை வாசலில் வந்து நின்றது.

"இன்னாபா, அங்க முடியலியா?"

"பேஜாரா பூட்ச்சி நைனா," என்றான் வண்டிக்காரன் மதி. "சப்வூஃபர், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் வேற கடையில புதுசா மாட்டினேன். பாட்டு சும்மா அதிருது. ஆனா ஆக்சிலேட்டர மிதிச்சா ஸ்பீக்கர்ல ஊய்ங்குது. மிதிக்க மிதிக்க ஏறுது. சாயங்காலம் கல்யாண ட்ரிப்பு. பொண்ணு வூட்டுக்காரங்க காறித் துப்புவாங்க."

"அவன் இன்னா சொன்னான்?"

"பின்னாடி குனிஞ்சி ரொம்ப நேரம் பாத்தாரு. நான் டீ சாப்ட்டு வந்தேன். எனக்குப் புடிபடல, எதுத்தாப்ல பெரியவர்தான் இதுல கில்லாடின்னாரு."

கிருஷ்ணப்பனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. போன வாரம் காசிமேட்டு மீன் வேன். அதற்கு முன்னால் சாத்தாங்காட்டு இரும்புக்கடைக்காரர் கார். அவனால் முடியாததெல்லாம் இவரிடம்தான் வருகிறது. காது போனவனிடம் எதற்கு வருகிறதாம்?

"ஸ்டார்ட் பண்ணி மிதி."

செட்டிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு வரும் பாட்டு ஒயரைப் பிடுங்கினார். மதியின் முகத்தைப் பார்த்தார்.

"நின்னுச்சா?"

"அப்டியே கீது நைனா. உனக்குக் கேக்கல?"

"கேக்குது, கேக்குது. உனுக்குக் கேக்குதான்னு கேட்டேன். அப்ப செட்டு மேல தப்பில்ல. எர்த்துதான் பாடி இரும்புல புடிக்கல."

சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். எர்த் ஒயரின் நட்டு ஆடியது. ஸ்பானர் போட்டு முறுக்கினார்.

"இப்ப?"

மதியின் முகம் மலர்ந்தது. "கப்சிப். இன்னா நைனா, மந்திரம் போட்டியா? அவரு அவ்ளோ நேரம் பாத்தாரே."

"கண்ணாடி வெச்சா கடை ஆயிடுமா? நான் சொன்னேன்னு போய்ச் சொல்லு."

அரைகுறை வேலை அவருக்குப் பிடிக்காது. அடியில் பிடிப்பைக் கெடுக்கிற பெயின்ட் இருந்தால் சுரண்டிவிடலாம் என்று நட்டைத் திரும்பவும் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தார்.

பெயின்ட் இல்லை. ஏற்கெனவே சுரண்டியிருந்தது. ஐம்பது பைசா அளவுக்கு, அச்சு வார்த்த மாதிரி வட்டமாக, தகடு பளபளத்தது. இந்தக் கடல் காற்றில் சுரண்டின இரும்பு ராத்திரி தாண்டாது, துருவேறிப் பழுத்துவிடும். இது காலையில் சுரண்டியது. இப்படி வட்டம் போட்டுச் சுரண்டுகிறவன் இந்தச் சாலையில் ஒருவன்தான். சுரண்டிவிட்டு, நட்டை மட்டும் முறுக்காமல் விட்டிருக்கிறான்.

மீன் வேனிலும் இப்படித்தான் பளபளத்தது. இரும்புக்கடைக்காரர் காரிலும். அப்போது அவர் அதை யோசிக்கவில்லை.

நட்டைத் திரும்பப் போட்டு இறுக்கினார். நிமிர்ந்து பார்த்தபோது எதிர்க்கடையில் பெனிட்டோ முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான்.

"இன்னா நைனா, சொல்லட்டுமா அவருகிட்ட?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். கிளம்பு."

குவாலிஸ் போய்விட்டது. அந்த 'ஊய்' அவர் காதில் கடைசி வரைக்கும் விழவே இல்லை. மற்ற இரண்டு வண்டியிலும் விழவில்லை. பெனிட்டோ அன்றைக்குச் சொன்னது பொய் இல்லைதான்.

ஆனால் நாலு பேர் முன்னால் சொன்னானே, அதற்கு மன்னிப்பாக அவன் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை இன்னும் பாக்கி இருக்கிறது.