செங்கவசனின் கடைசிச் சண்டை

"எனக்கு இந்தப் படம் வேண்டாம். கடையில திருப்பிக் குடுங்கோ."

கம்சாயினி வீடியோ கசெட்டைத் தள்ளிவிட்டு, செற்றியில் சுருண்டு படுத்துக்கொண்டாள். யசீகரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மனுரேவா வீடியோக் கடையில் வேறு யாரோ எடுத்துப்போன கசெட் அது. திரும்பி வந்துவிட்டதா என்று போகவர விசாரித்து, ஒருவழியாக இன்று மத்தியானம்தான் கையில் கிடைத்தது.

ஜப்பான்காரர் எடுத்த பழைய தொடர். ஆங்கிலத்தில் குரல் கொடுத்திருந்தார்கள். வாய் மூடிய பிறகும் பேச்சு கேட்டுக்கொண்டிருக்கும். முதல் தொடரின் வீரன் வெள்ளிக்கவசன். ரப்பர் உடுப்புப் போட்ட பூதங்களை எல்லாம் அடித்து வீழ்த்திவிட்டு, வேறொரு கிரகத்தைக் காப்பாற்ற வானத்தில் ஏறிப் போய்விடுவான். இரண்டாம் தொடரில் அவனுடைய இடத்துக்கு வந்தவன் செங்கவசன். அதன் கடைசிப் பகுதிதான் இந்தக் கசெட்.

ஆரம்பத்தில் கம்சாயினி இந்தப் புதியவனை ஏற்கவே இல்லை. "இவர் றியல் இல்லை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யசீகரன்தான் பக்கத்தில் இருந்து பார்க்கவைத்தான். செங்கவசனுக்குப் பறக்கத் தெரியாது. அடி வாங்குவான், விழுவான், பிறகு எழும்பி நொண்டிக்கொண்டே ஓடி வருவான். அந்த நொண்டலைப் பார்த்துப் பார்த்தே பிள்ளைக்கு அவன்மேல் பாசம் வந்துவிட்டது.

தமயந்தி பென்ரோஸில் ஒரு தொழிற்சாலைக்கு விடியவே வேலைக்குப் போய்விடுவாள். யசீகரனுக்குப் பின்னேரங்களில், ஆட்கள் வேலை முடிந்து போன கந்தோர்களைத் துப்புரவாக்கும் வேலை. ஆகவே பிள்ளைக்குத் தலை பின்னிவிடுவதும், பாணுக்கு பட்டர் பூசிக் கட்டிக்கொடுப்பதும், பள்ளிக்கூட வாசலில் காத்து நிற்பதும் அவன்தான். பின்னல் கோணல் என்று முதலில் அழுதவள், இப்போது அம்மா சீப்பை எடுத்தாலும் விடமாட்டாள்.

"நாளைக்கு எல்லாரும் எயார்போட்டுக்குப் போறம். இண்டைக்குப் பாக்காட்டி பிறகு நேரம் கிடையாது, பிள்ளை," என்றான்.

குசினியில் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்த தமயந்தியும் அங்கிருந்தபடியே பார்க்கச் சொன்னாள். கம்சாயினி அசையவில்லை.

யசீகரன் கசெட் பெட்டியில் இருந்த படத்தைக் காட்டினான். வெள்ளியும் சிவப்பும் அருகருகே நின்றன.

"இந்தா, பார். சில்வர் திரும்பி வாறார். அவர் போனதுக்கு நீ எவ்வளவு அழுதனீ?"

அதைக் கேட்டதும் அவளுடைய கண்கள் நிறைந்துவிட்டன. செங்கவசன் இந்தச் சண்டையில் செத்துப்போவான் என்று பயப்படுகிறாளோ என்று கேட்டான். இல்லை என்று தலையாட்டினாள்.

"சில்வர் வந்தா றெட் தேவையில்லை. அவரை அனுப்பிப்போடுவினம்."

யசீகரன் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. அது முதலிலிருந்தே சில்வருடைய இடம், எவ்வளவு காலம் தூரத்தில் கிடந்து தவித்திருப்பார், அவர் வந்தால் எல்லாரும் சந்தோசப்படத்தானே வேணும் என்று மெல்ல எடுத்துச் சொன்னான்.

பிள்ளை குசினிப் பக்கம் ஒருதரம் பார்த்தாள். பிறகு எழும்பி வந்து, அவனுடைய கழுத்தைக் கட்டிக்கொண்டு காதுக்குள் கேட்டாள்.

"நாளைக்கு அப்பா கொழும்பில இருந்து வந்த பிறகு, நீங்களும் போயிடுவீங்களோ, மாமா?"

சற்றுத் தள்ளி ஒட்டாஹூஹூவில் தனக்கென்று வாடகைக்கு ஓர் அறை பார்த்து வைத்திருப்பதை அவன் இன்னும் தங்கை தமயந்தியிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. இனிச் சொல்லவும் தேவையில்லை என்று நினைத்தபடி, "இல்லை பிள்ளை, இங்கதான் இருப்பன்," என்றான்.