முதலில் சாப்பிடு!

அடைகாத்துக்கொண்டிருந்த கோழி சிறகை விரித்து முட்டைகளை மூடிக்கொண்டது. பசியில் கால் தள்ளாட ஒரு கீரி கூட்டுக்குள் நுழைந்தது. சேவல் நினைத்திருந்தால் ஒரே கொத்தில் விரட்டியிருக்கலாம். அதுவோ கொண்டையைச் சிலுப்பிக்கொண்டு சலித்துக்கொண்டது.

"இந்த நோஞ்சானை அடிச்சு எனக்கென்ன பெருமை? முதல்ல சாப்பிடுடா!"

கோழியின் அடியிலிருந்து இரண்டு முட்டைகளைக் காலால் உருட்டிவிட்டது.

"ஐயோ, அது நம்ம பிள்ளைங்க!"

"பயப்படாதே, நான் இருக்கேன்ல!"

தின்று தெம்பான கீரி பாய்ந்தது. இறகு பறந்தது, கூடு சரிந்தது, முன்பே பொரிந்திருந்த குஞ்சுகள் மூலைக்கு மூலை சிதறின. கடைசியில் சேவல் விட்ட உதையில் கீரி வேலிக்கு அந்தப்பக்கம் போய் விழுந்தது.

சேவல் வேலியேறிக் கூவியது. "அப்பா! அப்பா!" என்று குஞ்சுகள் குதித்தன. மிச்சமிருந்த முட்டைகளின்மேல் உட்கார்ந்தபடி கோழியும் பெருமையில் பூரித்துப்போனது.

நொண்டியபடி ஓடிய கீரியைப் பார்த்துச் சேவல் கத்தியது:

"டேய், நாளைக்கு உங்கண்ணனையும் கூட்டிட்டு வா! சாப்பாடு நம்ம வீட்லதான்!"